அமைதி மூலை: சுவிச் பிள்ளையின் கையில் இருக்கட்டும்

(மட்டக்களப்பில் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்குமாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அதிபர்களே, ஆசிரியர்களே, தாய் தகப்பன்மாரே, வணக்கம்.

இன்று பேசப்போவது அமைதி மூலையைப் பற்றி. சத்தமோ வெளிச்சமோ தாங்க முடியாத பிள்ளை சற்று ஒதுங்கித் தணிவதற்குப் பாடசாலையில் ஒதுக்கும் சிறு இடம் அது. நமது வகுப்பறைகள் எப்படி இருக்கின்றன என்பதிலிருந்து தொடங்குவோம். நீண்ட மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே அரைச்சுவர். மூன்றாம் தரத்தில் வாய்ப்பாடு சொன்னால் ஐந்தாம் தரத்தில் கேட்கும். மார்கழி மழை தகரத்தில் அடிக்கத் தொடங்கினால் ரீச்சரின் குரல் முன்வாங்குக்கே எட்டாது. பாடம் நடக்கும்போது பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. நமது மண்டபங்கள் அந்த அளவுக்குக் கிட்டவும் வரமாட்டா.

பெரும்பாலான பிள்ளைகளின் மூளை வேண்டாத சத்தத்தைத் தானாகவே ஒதுக்கிவிடும். சில பிள்ளைகளுக்கு அப்படி ஒதுக்க முடிவதில்லை. மின்விசிறியின் உறுமல், பக்கத்து வகுப்பின் பாட்டு, சட்டைக் கழுத்தில் உரசும் துணித்துண்டு, சமையலறை வாசனை எல்லாம் ஒரே பலத்தில் உள்ளே வரும். அந்தப் பிள்ளை காதைப் பொத்தும், மேசைக்குக் கீழே போய் இருக்கும், எழுந்து ஓடும். அதை நாம் குழப்படி என்று எழுதிவைக்கிறோம். இன்னொரு வகைப் பிள்ளை இருக்கிறது: அதற்கு உணர்வு போதாது. கதிரையை ஆட்டும், பென்சிலைக் கடிக்கும், போகிற வழியில் எல்லோரையும் இடித்துக்கொண்டு போகும். ஓட்டிசம் என்ற வளர்ச்சி வேறுபாட்டை இனங்காணும் அளவுகோல்களில் ஒன்றாக இந்த இரண்டு நிலைகளும் 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கைநூலில் சேர்க்கப்பட்டன. ஓட்டிசம் இல்லாத பிள்ளைகளிடமும் இவை உண்டு.

புலன் என்றவுடன் ஐந்தை எண்ணுவோம். பாடசாலைக்கு மேலும் இரண்டு முக்கியம். ஒன்று, உட்காதிலிருந்து வரும் சமநிலை உணர்வு. மற்றது, கை கால் எங்கே எப்படி இருக்கிறது என்று தசையும் மூட்டும் தரும் உணர்வு. பிள்ளையை அமைதிப்படுத்துவதில் மிகவும் நம்பக்கூடியது இந்த இரண்டாவதுதான். அதற்குக் காசும் அதிகம் வேண்டாம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான புலனுணர்வு அறை என்றால் நிறம் மாறும் நீர்க்குழாயும் ஒளியிழைகளும் கண்முன் வரும். 1970களில் நெதர்லாந்தில், கடுமையான அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்காக உருவான முறை அது. நமது கல்வி வலயங்களில் யாராவது நன்கொடை தர வந்தால் முதலில் கேட்கப்படுவதும் அந்தக் குழாய்தான். கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றைக் கவனியுங்கள். 4 முதல் 12 வயதுவரையான, ஓட்டிசமுள்ள 41 பிள்ளைகள் அப்படியொரு அறையைப் பயன்படுத்தினார்கள். கருவிகளைப் பிள்ளை தானே இயக்கியபோது கவனம் கூடியது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்தது. எதை வாங்கினோம் என்பதை விட, சுவிச் யார் கையில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. இன்று நான் சொல்லப்போகும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு கிழமை கவனியுங்கள். ஒரு கொப்பியில் ஐந்து நிரல் போதும்: நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, எது தணித்தது. ஒரு பிள்ளைக்கு இடைவேளை மணிக்குப் பின்தான் தொல்லை என்று தெரியவரும். அங்கே மூலை அமைக்க முன், தொங்கும் தண்டவாளத் துண்டில் இரும்பால் அடிப்பதை மாற்றலாம். அல்லது மணியடிக்க ஒரு நிமிடம் முன் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவைக்கலாம். குறைக்க வேண்டியதைக் குறைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

இடம் பார்ப்போம். ஒரு மூலைக்கு ஐந்தடிக்கு ஆறடி போதும். தனி அறையானால் பத்துக்குப் பன்னிரண்டு அடி தாராளம். மலசலகூடத்துக்குப் பக்கம் வேண்டாம், வாசனை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதிபரின் அறைக்குப் பக்கமும் வேண்டாம், தண்டனை என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும். கதவில் வெளித்தாழ்ப்பாள் இருந்தால் முதல் நாளே கழற்றுங்கள். பூட்டி வைக்கும் அறைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது சிறைதான். பெரியவர் ஒருவரின் கண் எப்போதும் எட்ட வேண்டும்.

நமது ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு, வெக்கை. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து யன்னலைக் கறுப்புத் துணியால் மூடுகிறார்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் அந்த அறைக்குள் பத்து நிமிடம் இருக்க முடியாது. வேர்வையும் புழுக்கமும் தாமே ஒரு தாக்குதல். மருதமுனைக் கைத்தறித் துணியை, வெளிர் நிறத்தில் கோடில்லாததாகப் பார்த்துத் தொங்கவிடுங்கள். கீழே ஓரடி, மேலே ஓரடி விட்டால் காற்று ஓடும், பிள்ளையின் காலும் தெரியும்.

வெளிச்சத்தில் பலர் கவனிக்காதது மினுக்கம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 அலை; ஒவ்வோர் அலைக்கும் விளக்கு இரண்டு தடவை மினுங்கும். பழைய சோக் உள்ள ரியூப் லைற் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குத் தலையிடி தரும். கைத்தொலைபேசிக் கமராவை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திரையில் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கை மாற்றுங்கள். மலிவான எல்இடியிலும் இது உண்டு. மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கையின் நிழல் மேசையில் வெட்டி வெட்டி ஓடும், விளக்கைச் சுவருக்கு மாற்ற வேண்டும். வெசாக்கிலும் நத்தாரிலும் போடும் மினுங்கும் சரவிளக்குகளை இந்த மூலைக்குள் கொண்டுவரவே வேண்டாம். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மினுங்கும் ஒளி சில பிள்ளைகளுக்கு வலிப்பைக் கிளப்பும்.

சத்தத்துக்கு முட்டை மட்டைகளை ஒட்டுகிறார்கள். அவை சத்தத்தைத் தடுப்பதில்லை, தீப்பிடித்தால் வேகமாக எரியும். அரைச்சுவருக்கு மேலே பலகை அடைத்து, புத்தக அலுமாரியை அதற்கு முன்னே நிறுத்தினால் பலன் தெரியும். நிலத்தில் பன்பாய் விரியுங்கள். கதிரைக் கால்களுக்குப் பழைய சைக்கிள் ரியூப் துண்டை இறுக்கிக் கட்டினால் சீமெந்தில் கிறீச்சிடாது. காதுமூடி நல்லது, ஆனால் நாள் முழுதும் போட்டால் சாதாரணச் சத்தமும் பெரிதாகத் தோன்றத் தொடங்கும். மணிக்கும் கூட்டத்துக்கும் மட்டும் போதும்.

உள்ளே வைக்கும் பொருள்கள் நான்கைந்து இருந்தால் போதும், நிறைத்தால் மூலையே இரைச்சலாகிவிடும். மடியில் வைக்கும் பாரப்பையை நாமே தைக்கலாம். பிள்ளையின் நிறையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோப் பிள்ளைக்கு 1 கிலோ. பயறு போட்டால் வண்டு விழும். கழுவிக் காயவைத்த ஆற்றுமணலை இரட்டைத் துணியில் சிறு சிறு அறைகளாகத் தையுங்கள், இல்லாவிட்டால் மணல் ஒரு பக்கம் சரிந்துவிடும். கடல்மணல் உப்பால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பாரப்பை மடியில் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளை தானாகவே தூக்கி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பாரப்போர்வையில் பிள்ளையைச் சுற்றவே கூடாது. 2008இல் கனடாவின் கியூபெக்கில், பாடசாலையில் பாரப்போர்வைக்குள் வைக்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் இறந்தான்.

ஊஞ்சலுக்கு ஆசைப்படுவீர்கள். பிள்ளை வேகமாக ஆடும்போது கொக்கியில் விழும் சுமை அதன் நிறையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. நமது பழைய கட்டடங்களில் கூரை வளையைக் கறையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது கீழேயிருந்து தெரியாது. ஆடும் கதிரை ஒன்று அதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும். முன்னும் பின்னுமான மெதுவான ஆட்டம் தணிக்கும், சுழற்சி கிளப்பிவிடும். முகம் வெளிறினாலோ வேர்த்தாலோ உடனே நிறுத்துங்கள். தொட்டுணரத் தும்பு, சிரட்டை, பஞ்சு, கைத்தறித் துண்டு வையுங்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் வேண்டாம், விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

இனி, பயன்படுத்தும் முறை. பெரும்பாலான மூலைகள் தோற்பது இங்கேதான். பிள்ளை கத்தத் தொடங்கிய பிறகு கையைப் பிடித்து அங்கே இழுத்துப்போனால், அந்த இடம் இழுத்துப்போகப்படும் இடமாகவே பதியும். அமைதியாக இருக்கும் காலைவேளையில் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். பேசச் சிரமப்படும் பிள்ளைக்கு ஒரு படஅட்டை கொடுங்கள். அதைக் காட்டினால் போகலாம், கேள்வி கிடையாது. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும், மணல்கடிகாரம் வைத்தால் முடிவு வருவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கும்போது “ஏன் மகன் அழுகிறாய்?” என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் பேச்சும் ஒரு சத்தம். திரும்பி வந்ததும் எளிதான ஒரு வேலையைக் கொடுத்துத் தொடங்குங்கள்.

“கணக்குப் பாடம் வந்தால் மட்டும் அட்டையைத் தூக்குகிறானே” என்பார்கள். அந்த ஐந்து நிரல் கொப்பியைப் பாருங்கள். உண்மையிலேயே கணக்கில் மட்டும்தான் என்றால் சிக்கல் கணக்கில் இருக்கிறது. கணக்கைச் சிறு துண்டுகளாக்குங்கள், அட்டையைப் பறிக்காதீர்கள். நல்ல பிள்ளைக்கு மூலையைப் பரிசாகக் கொடுப்பதும், குழப்படி செய்தால் அதை மறுப்பதும் இன்னொரு பெரிய பிழை. மூக்குக்கண்ணாடியை யாரும் பரிசாகக் கொடுப்பதில்லை.

மூலைக்கே போகாமல் சமாளிக்கவும் வழி உண்டு. தசைக்கு வேலை கொடுங்கள்: தண்ணீர் வாளி தூக்கிச் செடிக்கு ஊற்றுவது, கொப்பிக் கட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது, இரண்டு கையாலும் சுவரைப் பத்துத் தடவை தள்ளுவது. ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும் பாடசாலை நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று நேரசூசியிலேயே எழுதிவிடுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் பேண்ட் வாத்தியமும், கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியும் வரும். அந்தக் கிழமைகளில் தடவைகளைக் கூட்டுங்கள். நிகழ்ச்சி நாளில் ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் அந்தப் பிள்ளைக்கு இடம் ஒதுக்குங்கள்.

பராமரிப்பைக் கடைசியாகச் சொல்கிறேன். தண்ணீர் விளையாடும் பேசினைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்து வையுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு கிழமை அளவே போதும். இருக்கையாக வைத்த ரயர்களின் அடியில் துளையிடுங்கள். மணல் தட்டுக்கு மூடி வேண்டும், பூனை வரும். ஐப்பசி முதல் தை வரை துணிகளில் பூஞ்சணம் பிடிக்கும், கிழமைக்கொரு முறை வெயில் கண்டவுடன் காயப்போடுங்கள். தவணை விடுமுறைக்கு முன் பாயைச் சுருட்டி உயரத்தில் வையுங்கள். ஆண்டு முடிவில் அந்த ஐந்து நிரல் கொப்பியை அடுத்த வகுப்பு ஆசிரியரின் கையில் கொடுங்கள், பிரதியொன்றைத் தாயிடமும் கொடுங்கள். வைத்தியசாலையில், அன்றாடச் செயல்களுக்குப் பிள்ளையைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரைப் பார்க்கப் போகும்போது அவர் முதலில் கேட்கப்போவது அதில் இருக்கும் விடயங்களைத்தான்.