“ஹாஸ்டலில் இடமில்லை”: ஒரு பல்கலைக்கழகம் ஒன்றரை வருடம் சொன்ன பொய்

விபச்சார விடுதிக்குப் போனதுண்டா என்று காலேஜ் அட்மிஷன் இன்டர்வியூவில் உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 1960-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகம் ஹாமில்டன் ஹோம்ஸ் என்ற பையனிடம் இதைத்தான் கேட்டது. ஸ்கூலில் முதல் மாணவன், ஃபுட்பால் அணியின் கேப்டன், டாக்டராக ஆசைப்பட்டவன். ஒரே பிரச்சினை, அவன் கறுப்பினத்தவன். கைதானதுண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றான். எப்போதோ வேகமாக வண்டி ஓட்டி அபராதம் கட்டியதைத் தோண்டியெடுத்து, ‘பொய் சொல்கிறான்’ என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள்!

வணக்கம் நண்பர்களே. பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் தொடங்கியது 1785-ல். பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1954-ல். ஜார்ஜியா அசையவில்லை. ஒரு கறுப்பின மாணவர் உள்ளே வந்தால்கூட அரசு நிதி நின்றுபோகும் என்று சட்டமே வைத்திருந்தார்கள். போதும்.

[திரையில்: பூட்டிய ஹாஸ்டல் கதவு]

இனி எனக்குப் பிடித்த பகுதி. 1959-ல் ஹோம்ஸும் அவருடன் ஒரே பள்ளியில் படித்த சார்லெய்ன் ஹன்டரும் விண்ணப்பித்தார்கள். ‘நீ கறுப்பு, அதனால் இடமில்லை’ என்று சொல்ல முடியாது, கோர்ட் இருக்கிறது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முதல் வருட மாணவர்கள் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும், ஹாஸ்டல் நிறைந்துவிட்டது. அடுத்த பருவத்துக்குக் கேட்டால் மறுபடி நிறைந்துவிட்டது. முன்வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு, பின்வாசலில் டிக்கெட் விற்பனை, அதே கதைதான். காத்திருந்த நாட்களில் ஹோம்ஸ் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியிலும், ஹன்டர் டெட்ராய்ட்டில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பொய் எப்படி உடைந்தது? விஷயம் கோர்ட்டுக்குப் போனது. இருவரின் வழக்கறிஞர்கள் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் ஃபைல்களைப் பார்க்க அனுமதி வாங்கினார்கள். சட்டப் படிப்பை முடித்துச் சில மாதங்களே ஆன வெர்னான் ஜார்டன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதி கிளின்டனின் நெருங்கிய ஆலோசகராக இருந்தாரே, அவரேதான். ஹன்டருக்குப் பிறகு விண்ணப்பித்து, வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த ஒரு வெள்ளையினப் பெண்ணுக்கு இடம் கிடைத்திருந்தது அதில் சிக்கியது. எத்தனை உணர்ச்சிப் பேச்சு பேசினாலும் கிடைக்காத ஒன்று, குமாஸ்தா வேலை பார்த்ததில் கிடைத்தது. எனக்கு இந்த இடம்தான் துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது, உங்களுக்கு எப்படி?

அந்த வழக்கறிஞர் குழுவில் ஹொரேஸ் வார்ட் என்பவரும் இருந்தார். இதே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க 1950-ல் விண்ணப்பித்துத் துரத்தப்பட்டவர்! வெளியே போய்ப் படித்து, கறுப்புக் கோட்டோடு திரும்பி வந்தார். அப்புறம் கூட்டாட்சி நீதிபதியும் ஆனார். இவருக்குத் தனி வீடியோ போட வேண்டும், வேண்டுமென்றால் கமென்டில் சொல்லுங்கள்.

வெள்ளையர்களாக இருந்திருந்தால் இருவரும் எப்போதோ உள்ளே வந்திருப்பார்கள் என்று சொல்லி, 1961 ஜனவரி 6-ம் தேதி பூட்டில் என்ற நீதிபதி அவர்களைச் சேர்க்க உத்தரவிட்டார். 9-ம் தேதி சேர்ந்தார்கள். 11-ம் தேதி இரவு, ஜார்ஜியா டெக் என்ற போட்டிப் பல்கலைக்கழகத்திடம் கூடைப்பந்தில் தோற்ற ஆத்திரமும் சேர்ந்துகொள்ள, ஹன்டர் தங்கிய ஹாஸ்டலைக் கும்பல் சூழ்ந்தது. செங்கல் வந்து ஜன்னலை உடைத்தது. கண்ணீர்ப் புகை. கல் எறிந்தவர்கள் இருக்க, ‘பாதுகாப்புக்காக’ சஸ்பென்ட் ஆனது யார்? ஹோம்ஸும் ஹன்டரும்! ஹன்டர் வெளியே நடந்தபோது ஒரு மாணவி கால் டாலர் நாணயத்தை அவர்முன் வீசி, தன் படுக்கை விரிப்பை மாற்றச் சொன்னாள். வேலைக்காரிக்குக் காசு வீசுகிற மாதிரி. செங்கல்லைவிட இது எனக்கு உறைக்கிறது, செங்கல்லையாவது கும்பல் வெறி என்று சொல்லிவிடலாம்.

நானூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவர்களைத் திரும்ப அழைக்கக் கையெழுத்துப் போட்டார்கள். கோர்ட் உத்தரவோடு சில நாளில் திரும்பினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பெரும்பாலான வீடியோக்கள் சொல்வதில்லை. ஹன்டருக்குத் தரைத்தளத்தில் தனி அறை. மற்ற பெண்கள் எல்லோரும் மேலே. இரவில் அவர் அறைக்கு மேலே முறைபோட்டுத் தரையை மிதித்துச் சத்தம் போட்டார்கள். ஹோம்ஸ் ஊருக்குள் ஒரு கறுப்பினக் குடும்பத்தோடு தங்கினார். ஃபுட்பால் ஆட அவருக்கு அனுமதியே கிடைக்கவில்லை.

இருவரும் 1963-ல் பட்டம் பெற்றார்கள். ஹோம்ஸ் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் ஆனார். ஹன்டர் நியூயார்க் டைம்ஸ், பிபிஎஸ் தொலைக்காட்சி என்று பெரிய பத்திரிகையாளர் ஆகி, ஒளிபரப்புத் துறைக்கான பீபாடி விருதை இரண்டு முறை வாங்கினார். அந்த விருதை நடத்துவது எது தெரியுமா? ஜார்ஜியா பல்கலைக்கழகம்!

சரி, அங்கே முதலில் பட்டம் வாங்கிய கறுப்பினத்தவர் இவர்களில் யார்? இருவரும் இல்லை. 1962-லேயே இசைக் கல்வியில் முதுகலை முடித்த மேரி ஃபிரான்சஸ் எர்லி. கலவரச் செய்தி கேட்டு, மிச்சிகனில் படித்துக்கொண்டிருந்ததை விட்டு இங்கே மாறி வந்தவர். கேமராக்கள் அவரைக் கவனிக்கவில்லை, பல்கலைக்கழகமும் பல வருடம் மறந்தே போனது. 2020-ல்தான் கல்வியியல் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.