அமெரிக்கப் பந்தயக் காரும் அதன் பிரேக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கப் பந்தயக் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் என்ஜினைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எட்டு சிலிண்டர், ஏழு லிட்டர், இடி இடித்தது போன்ற சத்தம். என்னைக் கேட்டால், அமெரிக்கர்களுக்கு என்ஜின் ஒருநாளும் பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. அவர்களைப் பாடாய்ப் படுத்தியது பிரேக். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

இதில் வியப்பு என்னவென்றால், தொடக்கத்தில் பிரேக்கில் முன்னோடியாக இருந்தவர்களே அவர்கள்தான். 1921-இல் பிரான்ஸில் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்துக்கு டியூசன்பெர்க் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கார்கள் போயின. நான்கு சக்கரத்திலும் திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக், அதாவது ஹைட்ராலிக் பிரேக். மிதித்தால் நான்கு சக்கரமும் ஒரே சீராகப் பிடிக்கும். பாதையெல்லாம் கல் பெயர்ந்து கிடந்தது. அவற்றில் ஒன்றை ஓட்டிய ஜிம்மி மர்ஃபி பயிற்சியில் அடிபட்டு, மார்பில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினார். கடைசிக் கட்டத்தில் ரேடியேட்டரில் கல் பட்டு ஓட்டை விழுந்தது, டயரும் போனது. ஆனாலும் அவர்தான் ஜெயித்தார்.

அப்புறம் ஏன் பின்தங்கினார்கள்? காரணம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மாதிரியான வட்டப் பாதைகள். அங்கே இடது பக்கமாகவே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், பிரேக்குக்குப் பெரிய வேலை கிடையாது. ரோடு ரேஸ் அப்படியல்ல. வலமும் இடமும் வளைவு, ஏற்றம் இறக்கம், 250 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரு திருப்பத்துக்காக 60-க்கு இறங்க வேண்டிய கட்டாயம். இந்த வகைப் பந்தயத்தை அமெரிக்கர்கள் ஏறக்குறைய மறந்தே போயிருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948 அக்டோபரில், நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் என்ற சிற்றூரில் அது மறுபடி தலையெடுத்தது. ஊரின் கடைத்தெரு, மலைச்சாலை, ரயில்வே கிராசிங் எல்லாமே பந்தயப் பாதை. ஒரு சுற்று 6.6 மைல். ஜெயித்தது இத்தாலிய ஆல்ஃபா ரோமியோ. இரண்டாவதாக வந்தவர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற செல்வந்தர். அமெரிக்கக் காரில் அமெரிக்க ஓட்டுநர்கள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வெல்ல வேண்டும் என்பதே அவர் கனவு.

1950-இல் இரண்டு கேடிலாக் கார்களோடு அங்கே போனார். ஒன்று கடையில் விற்கிற குடும்பக் கார்தான், கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. இன்னொன்றுக்கு விமானப் பொறியாளர் ஒருவர் புது உடல் வரைந்து கொடுத்தார். அவலட்சணமான கார். அதை ஓட்டிய கன்னிங்ஹாமே மணல் மேட்டில் சிக்கி, கையால் மணலைத் தோண்டி எடுத்துவிட்டுத் தொடர்ந்தார். முடிவில் பத்தாவது, பதினோராவது இடங்கள். உடனே ஃப்ளோரிடாவில் பட்டறை போட்டுச் சொந்தமாகவே கார் கட்ட ஆரம்பித்தார். கிரைஸ்லரின் 5.4 லிட்டர் வி-8 என்ஜின் பூட்டிய அவருடைய சி-4ஆர் கார், 1953-இல் ஃப்ளோரிடாவின் செப்ரிங்கில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்தை வென்றது.

அதே ஆண்டு லெ மான். என் பார்வையில் இதுதான் திருப்புமுனை. கன்னிங்ஹாமின் புதிய சி-5ஆர் நேர்ச்சாலையில் 250 கிலோமீட்டரை எட்டிப் பறந்தது. பிரேக் மட்டும் டிரம். வேகத்தைச் சமாளிக்க 17 அங்குலத்துக்கு டிரம் வைத்திருந்தார்கள். டிரம் பிரேக்கின் சிக்கல் சூடு. உள்ளே இருக்கும் பிரேக் ஷூ விரிந்து டிரம்மை உரசும்போது எழும் சூடு சட்டென்று வெளியேறாது. சூட்டில் டிரம்மும் விரிவதால் மிதிக்க மிதிக்கப் பெடல் உள்ளே போகும், பிடிமானம் குறையும். ஜாகுவார் காரிலோ டிஸ்க் பிரேக். தட்டு காற்றில் திறந்தே சுழல்வதால் சீக்கிரம் ஆறிவிடும். அதனால் வளைவுக்கு வெகு அருகில் வந்த பிறகு மிதித்தால் போதும். ஜாகுவார் ஜெயித்தது. கன்னிங்ஹாம் கார் மூன்றாவது. இரண்டு ஆண்டுகளில் அவர் கார் கட்டுவதையே நிறுத்திவிட்டார்.

டிஸ்க் வந்ததும் தொல்லை தீர்ந்ததா என்றால் இல்லை. ஃபோர்டு 1964-இல் லெ மானுக்கு வந்து தோற்றது, 1965-இலும் தோற்றது. 1966-இல் ஏழு லிட்டர் என்ஜினோடு வந்தார்கள். கனமான கார், நேர்ச்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். சோதனை ஓட்டங்களில் டிஸ்க் பழுக்கக் காய்ந்து விரிசல் விட்டது. 24 மணி நேரம் தாங்கும் பிரேக் செய்ய முடியாது என்று தெரிந்ததும், ஃபில் ரெமிங்டன் என்ற கைதேர்ந்த பொறியாளர் வேறு வழி கண்டார்: பிட்டில், அதாவது பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் ஒதுங்கும் இடத்தில், நிற்கும் சிறு நேரத்துக்குள் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடையும் கழற்றி மாற்றும்படி அமைப்பையே திருத்தினார். அந்த ஆண்டு முதல் மூன்று இடமும் ஃபோர்டுக்கு. என்ஜினைப் புகழ்கிறவர்கள் ரெமிங்டன் பெயரைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம்தான்.

டெக்ஸாஸில் ஜிம் ஹால் என்ற பந்தயக் கார் வடிவமைப்பாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய ஷாப்பரல் காரில் கிளட்ச் பெடலே கிடையாது, கிளட்சுக்குப் பதிலாகத் திரவத்தின் வழியே என்ஜின் விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வைத்த கியர்பெட்டி. சும்மா இருந்த இடது காலுக்கு ஹால் ஒரு வேலை கொடுத்தார். 1966-இல் வந்த 2-ஈ மாடலில் உயரமான கம்பிகளின் மேல் ஓர் இறக்கை. நேர்ச்சாலையில் இடது காலால் மிதித்தால் இறக்கை படுத்துக்கொள்ளும், காற்றுத் தடை குறையும். காலை எடுத்தால் நிமிர்ந்து, பின் சக்கரங்களைத் தரையோடு அழுத்தும். அந்த அழுத்தம் இருந்தால் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும், வளைவும் வசப்படும். 1970-இல் வந்த 2-ஜே காரில் பின்னால் இரண்டு மின்விசிறிகள் போலச் சுழலிகள். தனியாக ஒரு சிறு என்ஜின் அவற்றைச் சுழற்றி, காரின் அடியில் உள்ள காற்றை உறிஞ்சித் தள்ளும். கார் சாலையோடு ஒட்டிக்கொள்ளும். போட்டியாளர்கள் எதிர்த்தார்கள், சீசன் முடிந்ததும் தடை வந்தது. தடை செய்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து.

டெக்ஸாஸின் மிட்லண்ட் நகர அருங்காட்சியகத்தில் ஷாப்பரல் கார்கள் இருக்கின்றன. கன்னிங்ஹாமின் சி-4ஆர் ஃப்ளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் என்ஜின் மூடியைப் பார்க்கும் முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.