பூங்காவுக்கு எதற்குப் பூட்டு?

(சேலம் அஸ்தம்பட்டியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மனநல மருத்துவர் அம்மா அவர்களே, ஏற்காட்டிலிருந்து காலையிலேயே மலையிறங்கி வந்த நண்பர்களே, மைக் செட் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக மகிழங்கன்று கொடுத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: ஒரு குதிரை, ஒரு சட்டம், நம்ம ஊர்ப் பூங்கா.

இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு துறைமுக நகரம். அங்கே சான் ஜியோவன்னி குன்றில் 1908இல் மனநல மருத்துவமனை கட்டினார்கள். 1971இல் ஃபிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் பொறுப்பேற்றபோது மதிலுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அங்கே மார்க்கோ என்றொரு குதிரை, சலவைத்துணி வண்டி இழுத்தே கிழடாகிவிட்டது. அதைக் கசாப்புக்கு அனுப்பப் போகிறார்கள் என்றதும் நோயாளிகளே நிர்வாகத்துக்கு மனு எழுதிக் காப்பாற்றினார்கள். யார்? பைத்தியம் என்று ஊர் ஒதுக்கியவர்கள்! (கைதட்டல்)

அப்புறம் 1973இல் கலைஞர்களோடு சேர்ந்து மரத்தாலும் காகிதக்கூழாலும் பிரம்மாண்டமான நீலக்குதிரை ஒன்று செய்தார்கள். தங்கள் ஆசைகளை எழுதி அதன் வயிற்றுக்குள் போட்டார்கள். ஊர்வலம் கிளம்பும்போது பார்த்தால், குதிரை வாசலில் நுழையவில்லை! கட்டைக் குதிரையைக் குனிய வைக்க முடியுமா? வாசலை உடைத்தார்கள். நோயாளி, மருத்துவர், செவிலியர் எல்லோரும் சேர்ந்து அதைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்று நான் எல்லா மேடையிலும் சொல்வேனே, அது இதுதான்.

1978இல் புதிய மனநல மருத்துவமனைகள் கட்டக் கூடாது என்று அந்த நாடு சட்டமே போட்டது. இன்று அந்தக் குன்று முழுக்கப் பொதுப் பூங்கா. ரோஜாத் தோட்டம் இருக்கிறது, பல்கலைக்கழக வகுப்புகள் நடக்கின்றன, மக்கள் நடைப்பயிற்சி போகிறார்கள்.

இங்கே? 2001இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். நம் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை மருத்துவர் அம்மா விளக்குவார்கள். நான் பூட்டுக்கு வருகிறேன். பகலெல்லாம் பூட்டிக்கிடக்கும் பூங்கா நம்ம ஊரிலும் உண்டு. சிகிச்சையில் இருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் மதியம் எங்கே போய் உட்காருவாள்? மரநிழல் அவர்களுக்கும் சொந்தம்தானே! காவலுக்கு ஆள் இல்லை என்கிறார்கள். சரி, முறை வைத்து நாமே நிற்போம். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்.

பூங்காவைப் பகலிலும் திறந்து வைக்கக் கேட்கும் மனு வாசலருகே மேஜையில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மாமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.