சிரை ஏன் முந்தித் தெரிகிறது? மூளை ஆஞ்சியோகிராம் சொல்லும் செய்தி

[திரையில்: மண்டையோட்டின் சாதாரண எக்ஸ்ரே]

இந்தப் படத்தில் எலும்பும் பற்களும் தெளிவாக இருக்கின்றன. மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாய் ஒன்றுகூடத் தெரியவில்லை. ரத்தமும் அதைச் சுற்றியுள்ள திசுவும் எக்ஸ் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் தடுப்பதே இதற்குக் காரணம். கதிரை அதிகம் தடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் குழாய்களில் செலுத்தி, அவற்றைத் தெரியவைத்து எடுக்கும் படமே ஆஞ்சியோகிராம்.

[திரையில்: லிஸ்பன், 1927]

போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் முதலில் ஸ்ட்ரான்சியம் புரோமைடைத் தமனியில் செலுத்திப் பார்த்தார். ஒரு நோயாளி இறந்துபோகவே அதைக் கைவிட்டு, 25 சதவீத சோடியம் அயோடைடு கரைசலுக்கு மாறினார். உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகள் அதன் பிறகே படத்தில் விழுந்தன. பின்னர் வந்த தோரோட்ராஸ்ட் என்ற மருந்து இன்னும் தெளிவான படம் தந்தது; ஆனால் அதிலிருந்த கதிரியக்கத் தோரியம் கல்லீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்பட்டது. இன்று நாம் போடும் கான்ட்ராஸ்ட் மருந்திலும் கதிரைத் தடுப்பது அயோடின்தான். கரிம மூலக்கூறில் இறுகப் பிணைந்திருப்பதால் உடல் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது.

[திரையில்: தொடையிடுக்கிலிருந்து கழுத்துவரை செல்லும் கதீட்டர்]

கதீட்டர் என்ற இந்த மெல்லிய குழாய் வழியே மருந்து ஏறுவதற்கு முன் ஒரு படம் எடுக்கப்படும். ஏறிய பின் எடுக்கும் படங்களிலிருந்து கணினி அதைக் கழித்துவிட, எலும்பு மறைந்து குழாய்கள் மட்டும் மிஞ்சும். இடையில் நோயாளி எச்சில் விழுங்கினாலே கணக்கு பிசகிப் படம் கலங்கிவிடும். மருந்து ஏறி முகத்தில் சட்டென்று சூடு பரவும்போது அசையாமல் படுத்திருப்பதும் எளிதல்ல.

[திரையில்: இரண்டு படவரிசைகள் அருகருகே]

இடப்பக்கம் இயல்பான மூளை: தமனிகள் கருத்துத் தெரிந்து, மருந்து நுண்குழாய்களில் பரவி, சில விநாடிகள் கழித்தே சிரைகள் தலைகாட்டுகின்றன. வலப்பக்கம் தமனியும் சிரையும் நுண்குழாய்களின்றி நேரடியாகப் பின்னிக்கொண்ட ஏவிஎம் என்னும் குறைபாடு. நூற்கண்டு சிக்கியதுபோல் தெரியும் அந்த முடிச்சைவிட, தமனிகள் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே தடித்த சிரை ஒன்று கருத்து எழுவதுதான் முக்கியமான அடையாளம். தமனியின் அழுத்தத்தைத் தணிக்க நடுவில் எதுவுமில்லை என்று அதற்குப் பொருள். அந்த அழுத்தத்தைத் தாங்கும் சுவர் சிரைக்குக் கிடையாது என்பதால்தான் ரத்தக்கசிவு அபாயம் வருகிறது.

அந்தச் சிரை எங்கே வடிகிறது என்பதையும் மருத்துவர் பின்தொடர்ந்து பார்ப்பார். அறுவை சிகிச்சையின் சிரமத்தை 1 முதல் 5 வரை தரம்பிரிக்கும் ஸ்பெட்ஸ்லர்–மார்ட்டின் அளவுகோலில், முடிச்சின் அளவு, அது அமைந்த இடம் ஆகியவற்றோடு, மூளையின் ஆழச் சிரைக்கு வடிந்தால் அதற்கும் ஒரு புள்ளி கூடும்.