வெங்காயத்தாமரையில் ஒளிந்திருக்கும் உரம்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூரில் கெடிலம் பாலத்தைக் கடக்கும்போது கீழே எட்டிப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தெரியாத அளவுக்கு வெங்காயத்தாமரை அடைத்துக் கிடக்கும். அமேசான் படுகையில் பிறந்த செடி. ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இப்போது ஜேசிபி வைத்து அள்ளிக் கரையில் கொட்டுகிறோம். அங்கேயே அழுகி, அடுத்த மழையில் சாறெல்லாம் திரும்ப ஆற்றுக்கே போகிறது.

அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. வயலிலிருந்து கழுவிப்போன யூரியாவையும் சாக்கடையில் போன சத்தையும் தின்றுதானே அந்தச் செடி கொழுத்தது! தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் அதற்குள் இருக்கின்றன. நுண்பாசி, அதாவது தண்ணீரில் வளரும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பாசி, வளர்ப்பவர்கள் இவற்றையே ரசாயன உப்பாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

சரி, அந்தச் சத்தைச் செடியிலிருந்து எடுத்துப் பாசிக்கு எப்படிக் கொடுப்பது? உப்பிய காம்பை நறுக்கினால் உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள். நூறு கிலோ செடி காய்ந்தால் ஐந்தாறு கிலோ தேறும், அவ்வளவுதான், மீதி தண்ணீர். காய்ந்ததைப் பொடித்து, கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினால் காபி டிக்காஷன் நிறத்தில் சாறு வரும். முதல் தடவை அதை அப்படியே பாட்டிலில் ஊற்றி குளோரெல்லா என்ற நுண்பாசியை விதைத்தேன். நான்காம் நாள் நாற்றம் எடுத்துவிட்டது. பாசிக்கு வெயில்தான் உயிர்; கருத்த சாற்றுக்குள் வெளிச்சம் போகவில்லை. அடுத்த முறை, பாட்டிலுக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளின் எழுத்து தெரியும்வரை தண்ணீர் கலந்தேன். ஒரு வாரத்தில் வாழைக்குருத்து நிறம் வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

ஸ்பைருலினா என்ற இன்னொரு நுண்பாசிக்கு இந்தச் சாறு மட்டும் போதாது. அது காரத்தன்மையில் வளர்வது. அதை வளர்க்கும் வழக்கமான கரைசலில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடா, போடுவார்கள். அந்தச் செலவு இருக்கத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் செடி ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாவற்றையும் வேரால் உறிஞ்சிக்கொள்ளும். தொழிற்சாலைக் கழிவு கலக்கும் தண்ணீரில் வளர்ந்ததைத் தொடவே வேண்டாம். மற்ற இடத்துச் செடியில் வளர்த்த பாசியையும் ஆய்வகத்தில் சோதிக்காமல் மாட்டுக்கோ மீனுக்கோ போடாதீர்கள்; மனிதர் சாப்பிடுவது இப்போதைக்குப் பேச்சே இல்லை. அப்புறம், விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். பூத்த செடியை இன்னொரு குளத்துப் பக்கம் கொண்டுபோகாமல், அள்ளிய கரையிலேயே காயவைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.