வீட்டுக்கு வந்த பிறகு வரும் செலவு

நேயர்களுக்கு வணக்கம். நான் இருபது வருடமாக இயன்முறை சிகிச்சை செய்கிறவள். பிசியோ என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். கால் முறிந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் நடை பழக என்னிடம் வருவார்கள். இன்று உங்களிடம் காசைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பெரிய அடி பட்டு ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பணம் எப்படியோ புரண்டுவிடுகிறது. கடன் வாங்குவோம், சொந்தக்காரர்கள் கொடுப்பார்கள், காப்பீடு இருந்தால் அதுவும் கைகொடுக்கும். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் இன்னொரு கணக்கு ஆரம்பிக்கும். கட்டுத்துணி, மாத்திரை, வாக்கர் வாடகை, போக வர வண்டிக்கூலி. எல்லாம் சின்னச் சின்னத் தொகை. பாதிக்கு ரசீதுகூட இருக்காது.

லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். வாரம் மூன்று நாள் வரச் சொன்னேன். முதலில் ஒழுங்காக வந்தார். அப்புறம் வாரம் ஒரு நாள். அப்புறம் ஆளையே காணோம். எனக்குக் கோபம். "ஒத்துழைப்பு இல்லை" என்று அவர் நோட்டில் எழுதி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். முட்டி இறுகிப்போய், பாதிகூட மடங்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாதான் சொன்னார்: "இவரைத் தனியா அனுப்ப முடியாதுங்க. நான் கூட வந்தா அன்னிக்கு என் கூலி போச்சு. இவரு சம்பளம் முன்னாடியே நின்னுபோச்சு. மூணு நாள் இங்க வந்துட்டா, பிள்ளைங்களுக்கு எதை வச்சுங்க சோறு போடறது?"

அதுவரை என் கட்டணத்தை மட்டும்தான் செலவு என்று நினைத்திருந்தேன். நோட்டில் எழுதியிருந்த வரியை அன்றைக்கே அடித்தேன்.

அடிபட்டது ஒருவருக்கு, வருமானம் நின்றது இரண்டு பேருக்கு. இதைத் திரும்பவும் சொல்கிறேன், இரண்டு பேருக்கு. வீட்டுச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அந்தக் குடும்பம் பெரும் சுமையில் இருக்கிறது என்பது உலக அளவில் பல வருடம் கையாண்ட ஒரு கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் அந்த அம்மா இழந்த கூலி அதில் வராது, வண்டிக்கூலியும் வராது. சாலை விபத்தில் மட்டும் வருடத்துக்கு 2 கோடியிலிருந்து 5 கோடி பேர் காயத்தோடு உயிர் தப்புகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை வீட்டிலும் இந்த எழுதாத கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

கடன்காரர் கேட்கிறார் என்பதற்காக எலும்பு சீக்கிரம் கூடிவிடாது. அந்த ஓட்டுநருக்கு முறிந்த எலும்புக்குப் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம் வேண்டும். நியூசிலாந்தில் 1974-லிருந்து ஒரு ஏற்பாடு இருக்கிறது. விபத்து யாருடைய தப்பு என்று கேட்க மாட்டார்கள். வேலைக்குப் போக முடியாதவருக்கு, முதல் வாரம் போக, சம்பளத்தில் 80 சதவீதம் வரும். ஆறு மாதம் பொறுமையாக இருங்கள் என்று அந்த ஊர்ப் பிசியோ தைரியமாகச் சொல்லலாம். நான் சொல்லும்போது எனக்கே நாக் கூசுகிறது.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் அன்றே ஒரு நோட்டு போடுங்கள். வண்டிக்கூலி, துணைக்கு வந்தவர் இழந்த கூலி, எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். நஷ்ட ஈடு கேட்கும்போது அது பேசும். அடிக்கடி வர முடியாதென்றால் நின்றுவிடாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த அம்மாவுக்குப் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றேன். முட்டி மெல்ல மெல்ல மடங்கியது. அவர் திரும்ப லாரி ஏறப் பத்து மாதம் ஆனது. முதலாளிகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், முழு நாள் நிற்க முடியாதவருக்கு அரை நாள் வேலையாவது கொடுங்கள். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களைப் பற்றிப் பேச முடியவில்லை, அவர்கள் வீட்டுக் கணக்கு ஆயுள் முழுக்க ஓடுவது. இன்னொரு நாள் கூப்பிட்டால் அதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். வணக்கம்.