விசுவாசப் பிரமாணத்தில் பிலாத்துவின் பெயர்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

ஆலய வழிபாட்டில் கிறிஸ்தவர்கள் எழுந்து நின்று ஒரே குரலில் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில், இயேசுவையும் அவருடைய தாய் மரியாளையும் தவிர வேறு ஒரே ஒரு மனிதருடைய பெயர்தான் இடம்பெறுகிறது. பேதுருவின் பெயரோ பவுலின் பெயரோ அதில் இல்லை. "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம் பண்ணப்பட்டு" என்று, இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோம ஆளுநரின் பெயரைத்தான் சபை தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறது. இன்று கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருக்கும் நான், அந்தப் பெயரிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். விசுவாசிக்கும் சரி, சந்தேகப்படுகிறவருக்கும் சரி, கிறிஸ்தவம் எதைச் சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான வாசல் எனக்குத் தெரியவில்லை.

பிலாத்து ஏறத்தாழ கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவர். அவருடைய பெயர் பொறித்த கல் ஒன்று 1961-இல் செசரியாவில், கடலோரத்தில் அமைந்த பழைய நாடக அரங்கின் இடிபாடுகளுக்கிடையே கண்டெடுக்கப்பட்டது. கிறிஸ்தவர்கள்மீது சிறிதும் பரிவு இல்லாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், 64-ஆம் ஆண்டு ரோம் நகரம் எரிந்ததைப் பற்றி எழுதும்போது, திபேரியு பேரரசரின் ஆட்சியில் பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டதைக் குறிப்பிட்டுச் செல்கிறார். ஆகவே விசுவாசப் பிரமாணம் ஒரு காலத்தையும் ஓர் ஆட்சியையும் சுட்டிக்காட்டி, "இது இன்னார் காலத்தில் நடந்தது" என்று சாட்சி சொல்கிறது. அப்படிச் சொல்லும் சமயம், விசாரிக்கப்படுவதற்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிடுகிறது. சந்தேகப்படுகிறவர் எழுப்பும் கேள்வியை விசுவாசத்துக்கு விரோதமானது என்று தள்ளிவிட, கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு உரிமை இல்லை. விசாரித்துப் பாருங்கள் என்று முதலில் சொன்னவர்கள் நாங்களே.

அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கிறிஸ்தவம் சொல்வது என்ன? பிலாத்துவின் முன் கைதியாக நின்றவர், வானத்தையும் பூமியையும் படைத்த கடவுளின் குமாரன் என்பதுதான். இதை மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு கான்ஸ்டன்டைன் பேரரசர் கூட்டிய நிசேயா சங்கம் என்ற ஆயர்களின் பேரவைதான் முடிவுசெய்தது என்றும், அதுவரை இயேசு வெறும் போதகராகவே மதிக்கப்பட்டார் என்றும் பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. 325-இல் சங்கம் கூடிய நிசேயா, பித்தினியா என்ற மாகாணத்தைச் சேர்ந்த நகரம். அதே பித்தினியாவின் ஆளுநராக இருந்த பிளினி, 112-ஐ ஒட்டிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், அங்குள்ள கிறிஸ்தவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன்னே கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று தெரிவிக்கிறார். சங்கம் கூடுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, அதே மண்ணில், சாதாரண மக்களின் விடியற்காலைப் பாட்டில் அந்த விசுவாசம் ஒலித்துக்கொண்டிருந்தது.

பிறகு நிசேயாவில் என்னதான் நடந்தது? அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற மூப்பர், குமாரன் மிக உயர்ந்தவர் என்றாலும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்று போதித்தார். சங்கம் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. இது அறிஞர்களின் சொற்போராகத் தோன்றலாம். ஆனால் இதில் தங்கியிருந்தது சாமானியனுக்கும் உயிரான ஒரு கேள்வி. ஆரியுஸ் சொன்னது சரியென்றால், சிலுவையில் துன்பப்பட்டது கடவுள் அனுப்பிய வேறொருவர். கடவுளோ மனிதனின் வேதனையைத் தொலைவிலிருந்து பார்த்தவராகவே இருந்துவிட்டார். அதனால்தான் அத்தனாசியுஸ் என்ற ஆயர் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டும் தம் நிலையிலிருந்து அசையவில்லை. கடவுளே வந்தார் என்ற நற்செய்தியை விட்டுக்கொடுத்துவிட்டால், சொல்வதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சாது என்பதை அவர் கண்டிருந்தார்.

திரித்துவம் என்ற போதனையும் இங்கேதான் பிறக்கிறது. கடவுள் ஒருவரே என்பதில் யூதர்களாகிய முதல் சீடர்களுக்கு ஐயமே இல்லை. இயேசுவில் கடவுளையே சந்தித்தோம் என்பதிலும், அவர் சென்ற பின்பு பரிசுத்த ஆவியானவராகக் கடவுளே தங்களுக்குள் வாழ்கிறார் என்பதிலும் அவர்களுக்கு ஐயம் இல்லை. இவற்றில் எதையும் விட்டுக்கொடுக்காமல் சொல்ல முயன்றதன் விளைவுதான் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் ஒரே கடவுள் என்ற அறிக்கை. ஞாயிறு பள்ளிகளில் நீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணத்தைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது உண்டு. அந்த உதாரணத்தை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஒருவரே மூன்று வேடம் தரிக்கிறார் என்று அது பொருள்பட்டுவிடுகிறது; திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே மறுத்த கருத்து அது. "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று யோவானின் நிருபம், அதாவது கடிதம், சொல்கிறது. உலகமும் உயிர்களும் தோன்றுமுன்னரே கடவுளுக்குள் அன்பு செலுத்துதலும் அன்பைப் பெறுதலும் இருந்தன என்று திரித்துவம் சொல்கிறது. முழுவதும் புரிந்துவிட்டது என்று யாரும் சொல்ல இயலாத போதனைதான். ஆனால் அது எதைக் காப்பாற்றுகிறது என்பது புரியாமல் போகத் தேவையில்லை.

இனிச் சிலுவைக்கு வருவோம். இன்று கழுத்தில் பொன்னாக மின்னும் சிலுவை, ரோமர் காலத்தில் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய இழிவான தண்டனை. 1968-இல் எருசலேமின் வடபகுதியில் அகழ்ந்தெடுத்த எலும்புப் பெட்டி ஒன்றில், இரும்பு ஆணி ஊடுருவிய நிலையிலேயே ஒரு மனிதனின் குதிகால் எலும்பு கிடைத்தது. ரோமில் பலத்தீன் குன்றின் பழைய சுவர் ஒன்றில், கழுதைத் தலையோடு சிலுவையில் தொங்கும் உருவத்தின் முன் ஒருவன் நிற்பதாகக் கீறிய ஏளனச் சித்திரம் கண்டெடுக்கப்பட்டது. "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று அதன் அடியில் எழுதியிருக்கிறது. இத்தகைய ஏளனத்தைச் சுமந்துகொண்டு, இந்த மரணம்தான் எங்கள் மீட்பு என்று ஒரு கூட்டம் ஏன் சொன்னது?

இங்கே பாவம் என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. சில கெட்ட செயல்களின் பட்டியலைக் காட்டிலும் ஆழமான ஒன்றைக் கிறிஸ்தவம் அந்தச் சொல்லால் குறிக்கிறது. கடவுளையும் சக மனிதனையும் விட்டு விலகித் தன்னையே மையமாக்கிக்கொள்ளும் சாய்வு அது. நல்லவர்கள் என்று பெயர் பெற்றவர்களிடத்திலும் அது இருக்கிறது. இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பியவர்களைப் பாருங்கள். கொடியவர்கள் மட்டும் அங்கே இல்லை. பதவியைக் காத்துக்கொள்ள நினைத்த ஆளுநர், சமயத்தைக் காப்பதாக எண்ணிய தலைவர்கள், பயந்து ஓடிய நண்பர்கள் ஆகிய எல்லாரும் இருந்தார்கள். அந்தப் பாவத்தைக் கடவுள் மன்னிக்கிறார் என்பது நற்செய்தி. மன்னிப்பு விலையில்லாமல் வருவதில்லை. ஒருவர் கொடுத்த கடனை வேண்டாம் என்று விட்டுவிட்டால், அந்த இழப்பு மறைந்துபோவதில்லை; கடன் கொடுத்தவரே அதை ஏற்றுக்கொள்கிறார். அவ்வாறே மனிதனின் பாவத்தின் பாரத்தைக் கடவுள் சிலுவையில் தாமே ஏற்றுக்கொண்டார். அது எப்படி மீட்பாகிறது என்பதைப் பதினோராம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற இறையியலாளர் ஒரு விதமாக விளக்கினார். அவருக்கு முன்பும் பின்பும் வேறு விளக்கங்கள் இருந்தன. விசுவாசப் பிரமாணம் எந்த விளக்கத்தையும் கட்டாயமாக்கவில்லை. நமக்காக அது நடந்தது என்பதோடு நின்றுகொள்கிறது.

விசுவாசிகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. மன்னிப்பு இலவசமாகக் கிடைக்கும் கிருபை என்று வாயால் அறிக்கையிட்டுவிட்டு, உபவாசத்தாலும் காணிக்கையாலும் பொருத்தனையாலும் அதைச் சம்பாதித்துவிட முயல்வது நம்மிடையே மிகப் பரவலாக இருக்கிறது. அந்தச் செயல்கள் நல்லவையே. ஆனால் அவை நன்றியின் கனிகளாக இருக்க வேண்டியவை.

சந்தேகத்தின் முழுப் பாரமும் வந்து விழ வேண்டிய இடம் உயிர்த்தெழுதல். அப்போஸ்தலனாகிய பவுலே, "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று எழுதினார். எந்த இடத்தில் அடித்தால் தன் சமயம் விழும் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நிருபத்தை அவர் கொரிந்து சபைக்கு எழுதியது 55-ஐ ஒட்டிய காலம். அதில் தாம் பிறரிடமிருந்து பெற்று ஒப்புவித்ததாகச் சொல்லும் சாட்சியோ அதற்கும் முந்தியது. உயிர்த்தெழுந்தவர் கேபா என்னும் பேதுருவுக்கும், பன்னிருவருக்கும், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரருக்கும், யாக்கோபுக்கும் காணப்பட்டார் என்றும், அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார். இவர்களில் இயேசுவின் சகோதரரான யாக்கோபு என் கவனத்தை மிகவும் ஈர்ப்பவர். இயேசு வாழ்ந்த நாட்களில் அவருடைய சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் சுவிசேஷம் ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் பின்னாளில் அதே சகோதரர் எருசலேம் சபையின் தூணாக விளங்கி, 62-இல் கல்லெறிந்து கொல்லப்பட ஒப்புக்கொடுக்கப்பட்டார். இதை எழுதியவர் கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் யோசேபு. கூடவே வளர்ந்த தமையனைத் தம்பி ஆண்டவர் என்று வணங்குவதற்கு நடுவில் ஏதோ பெரியது நடந்திருக்க வேண்டும்.

வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. பெண்களின் சாட்சியை ஏற்கலாகாது என்று அதே யோசேபு எழுதிவைத்திருக்கும் அளவுக்கு அன்றைய எண்ணம் இருந்தது. கதை கட்டுபவர்கள் மகதலேனா மரியாள் என்ற பெண்ணைச் சாட்சியாகத் தேர்ந்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண்கள் சொன்னது சீடர்களுக்கே "வீண்பேச்சாகத்" தோன்றியது என்று லூக்கா எழுதுகிறார்.

இவற்றால் உயிர்த்தெழுதல் நிரூபணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். சீடர்கள் உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டதாக உறுதியாக நம்பினார்கள் என்பதுவரை வரலாறு நம்மை அழைத்துச் செல்லும். துயரத்தில் தோன்றிய தரிசனம் என்று ஒருவர் விளக்கலாம். ஆனால் அக்கால யூதர்கள் எதிர்பார்த்தது உலக முடிவில் எல்லாரும் எழுவதை. நடுவழியில் ஒருவர் மட்டும் எழுவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பாராத ஒன்றைத் துயரம் இவ்வளவு தெளிவாகவும் இத்தனை பேருக்கும் காட்டுமா என்பது என் கேள்வி. கடவுள் அவரை எழுப்பினார் என்பதே இந்தச் செய்திகளுக்குப் பொருந்தும் விளக்கம் என்று நம்புகிறேன். அது விசுவாசம்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்ட விசுவாசமன்று.

சந்தேகப்படுகிறவர்களின் இரண்டு கேள்விகளையாவது இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது துன்பம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களையும் கடல் கொண்டுபோயிற்று. அது அவர்களின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று யாராவது சொன்னால், அவர் இயேசுவுக்கு எதிராகப் பேசுகிறார். கலிலேயர் சிலரின் இரத்தத்தைப் பிலாத்து அவர்களுடைய பலிகளோடு கலந்தான் என்று சிலர் வந்து இயேசுவிடம் சொன்னபோது, அந்தக் கலிலேயர் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றியும் அதையே சொன்னார். ஏன் நடந்தது என்பதற்கு விசுவாசப் பிரமாணத்தில் விளக்கம் இல்லை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற சங்கீதத்தின் கதறலைக் கடவுளின் குமாரனே சிலுவையில் கதறினார் என்று சுவிசேஷம் சொல்கிறது. பிள்ளையை இழந்த தாயின் முன் அதற்கு மேல் விளக்கம் பேச நான் துணியமாட்டேன்.

இரண்டாவது கேள்வி எங்கள் வாழ்க்கையைப் பற்றியது. இதுவே எனக்கு மிகக் கடினமானது. கிறிஸ்து இயேசுவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடு இல்லை என்று பவுல் எழுதினார். தமிழ்நாட்டுச் சபைகளிலோ சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவதும், நற்கருணை பெறுவதில் முன்பின் பார்ப்பதும் நெடுங்காலம் நடந்தன. 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் இவற்றை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, அதை ஏற்காமல் சபையை விட்டே வெளியேறியவர்கள் இருந்தார்கள். கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சாதி இன்றும் உயிரோடிருக்கிறது. இதைக் கண்டு ஒருவர் கிறிஸ்தவத்தைச் சந்தேகித்தால், அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாயில்லை. ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிட்டுக்கொண்டே சுவர் எழுப்புகிறவர்கள், தங்கள் விசுவாசப் பிரமாணத்தைத் தாங்களே மறுதலிக்கிறார்கள்.

சந்தேகம் கொண்ட நேயர்கள் வெளியே நிற்கும் அந்நியர்கள் அல்லர். உயிர்த்தெழுந்த இயேசுவைச் சீடர்கள் கலிலேயாவின் மலையில் பணிந்துகொண்டபோதும், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு எழுதுகிறார். அந்தச் சிலரை இயேசு திருப்பி அனுப்பவில்லை. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் தோமாவின் நினைவைத்தான் மயிலாப்பூரும் பரங்கிமலையும் போற்றிவருகின்றன. நோயுற்ற பிள்ளையின் தகப்பன் ஒருவன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறினான். பிள்ளை குணமடைந்தான்.

விசாரிக்க விரும்புகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுத்து ஒரே அமர்வில் வாசிக்கலாம்; பதினாறு அதிகாரங்கள்தான், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதன்பின் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை வாசியுங்கள். விசுவாசிகள், தங்கள் வீட்டிலோ நண்பர் வட்டத்திலோ சந்தேகப்படும் ஒருவரோடு உட்கார்ந்து இந்தப் பகுதிகளை வாசிக்கலாம். அவருடைய கேள்விகளை இடைமறிக்காமல் கடைசிவரை கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.